கரையில் எரியும், கடலில் அணையும்: டைவ் கம்ப்யூட்டர் பேட்டரி எப்படி இயங்குகிறது?

படகில் உட்கார்ந்து பார்க்கும்போது பேட்டரிக் குறி நிறைந்து நிற்கிறது. கடலில் குதித்து 18 மீட்டர் இறங்கிய பிறகு, பாறையின் நிழலில் எண்கள் சரியாகத் தெரியவில்லை என்று டைவர் பின்விளக்கைப் போடுகிறார். திரை ஒருமுறை மினுக்கி அணைந்துவிடுகிறது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. மேலே வந்து, துடைத்து, ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் திரை மறுபடி வந்திருக்கிறது. பேட்டரிக் குறியும் பழையபடி நிறைந்தே இருக்கிறது. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, தண்ணிதான் ஏதோ பண்ணியிருக்கு" என்று படகில் யாராவது சொல்வார்கள்.

பெரும்பாலான சமயங்களில் பேட்டரி நன்றாக இல்லை என்பதே உண்மை. அந்தக் குறி மீதமுள்ள மின்சாரத்தை அளந்து காட்டுவதாக நாம் நம்புகிறோம். அது அளப்பது வேறொன்று. அது எது என்று தெரிந்துகொண்டால் டைவ் கம்ப்யூட்டரின் பேட்டரித் தொல்லைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும். அதைத் தெரிந்துகொள்ள நல்ல இடம் நம் வீட்டுச் சமையலறை, அங்கே மேடைக்குக் கீழே நிற்கும் கேஸ் சிலிண்டர்.

சிலிண்டருக்குப் போகுமுன், கையில் கட்டியிருக்கும் கருவி என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. கம்ப்யூட்டர் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, எந்தத் திசுவில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. சூரிச்சில் ஆல்பர்ட் பியூல்மன் வகுத்த முறையின் பரவலான வடிவத்தில், உடலை 16 வகைத் திசுக்களாகப் பிரித்துக்கொண்டு இந்தக் கணக்கு நடக்கிறது. 1983இல் அமெரிக்காவில் ஆர்க்கா எட்ஜ் என்ற கருவி விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். காலை டைவில் சேர்ந்த நைட்ரஜனிலிருந்துதான் மதிய டைவின் கணக்கு தொடங்குகிறது. கைக்கடிகாரம் நின்றுபோனால் நேரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். இதில் அது முடியாது. இடையில் மின்சாரம் போனால் அந்த மனிதரின் உடல் அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலே போய்விடக்கூடும்.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அத்தனை ஆழத்துக்குப் போகிறவர்கள் நேராக மேலே வந்துவிட முடியாது. வழியில் எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அந்தச் சின்னத் திரையில்தான் இருக்கிறது. பேட்டரியைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு அதுதான் காரணம்.

சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பது

சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சுடரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. 14.2 கிலோ நிறைந்திருக்கும் நாளிலும் இரண்டு கிலோ மட்டும் இருக்கும் நாளிலும் சுடர் ஒரே மாதிரிதான் நீலமாக எரியும். உள்ளே இருப்பது திரவம். அதிலிருந்து எழும் ஆவிதான் அடுப்புக்கு வருகிறது. அந்த ஆவியின் அழுத்தத்தை முடிவுசெய்வது முக்கியமாக வெப்பநிலை, திரவத்தின் அளவு இல்லை. திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், தீரும் தறுவாயில் சடாரென்று விழும். அதனால்தான் நம் வீடுகளில் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கிறார்கள், தூக்கிப் பார்க்கிறார்கள், ஈரத்துணியால் துடைத்து எந்த இடம் தாமதமாக உலர்கிறது என்று பார்க்கிறார்கள். அழுத்தத்தை நம்பாமல் அளவைத் தேடும் வழிகள் இவை.

டைவ் கம்ப்யூட்டர்களில் பரவலாக இருக்கும் சிஆர்2450 பட்டன் செல்லும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. சூன்டோ ஜூப், மாரெஸ் பக் போன்ற மாடல்களில் இருப்பது இந்த செல்தான். கிரெஸ்ஸி லியோனார்டோவில் இதைவிட மெல்லிய சிஆர்2430. சிஆர்2450 என்ற பெயரிலேயே அளவு இருக்கிறது: 24 மில்லிமீட்டர் குறுக்களவு, 5.0 மில்லிமீட்டர் கனம். லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்து மூன்று வோல்ட் தருகின்றன. புதிய செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் 3.2, 3.3 என்று காட்டும். பயன்படுத்தத் தொடங்கியதும் மூன்றுக்குப் பக்கத்தில் இறங்கி, ஆயுளின் பெரும்பகுதி அங்கேயே படுத்துக்கிடக்கும். கடைசியில்தான் சரியும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்சுற்று அளப்பது இந்த மின்னழுத்தத்தைத்தான். சிலிண்டரின் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு "நிறைய இருக்கிறது" என்று சொல்வதற்கு இது சமம். பாதி தீர்ந்த செல்லும் முக்கால் தீர்ந்த செல்லும் குறியில் ஒன்றாகவே தெரியும். பட்டன் செல்லை ஆட்டிப் பார்த்தோ ஈரத்துணியால் துடைத்தோ மிச்சத்தைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

சிம்மும் பெரிய பர்னரும்

தீரப்போகும் சிலிண்டரை வைத்துச் சமைத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சின்ன பர்னரில் சிம்மில் வைத்த பால் நன்றாகவே காயும். பெரிய பர்னரைத் திருகி முழுவீச்சில் வைத்தால் சுடர் சுருங்கும், சில நேரம் அணைந்தே போகும். திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே செலவழித்துக் குளிர்கிறது. மிச்சம் கொஞ்சமாக இருந்தால், கேட்கும் வேகத்துக்கு ஆவி எழ முடிவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பற்றவைத்தால், அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு சிலிண்டர் மறுபடி எரியும். காலையில் தீர்ந்தது என்று நினைத்த சிலிண்டரில் மாலையில் ஒரு காப்பி போட்டுவிடலாம்.

படகில் நடந்தது இதுதான். வெறுமனே நேரம் காட்டிக்கொண்டு கிடக்கும் டைவ் கம்ப்யூட்டர் சிம்மில் எரியும் அடுப்பு. அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். பின்விளக்கும் ஒலி எச்சரிக்கையும் பெரிய பர்னர்கள். பட்டன் செல்லுக்குள் ஒரு உள்தடை இருக்கிறது. ஆவி எழும் வேகத்துக்கு இருக்கும் வரம்புதான் இங்கே உள்தடை. புதிய செல்லில் அது 15 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்விளக்கு 20 மில்லி ஆம்பியர் கேட்டால் 0.3 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும், மிச்சம் 2.7 வோல்ட் சிப்புக்குக் கிடைக்கும். வேலை நடக்கும். செல் பழசாகி உள்தடை 50 ஓம் ஆகிவிட்டால் அதே விளக்குக்கு முழுதாக ஒரு வோல்ட் விழும். மிச்சம் இரண்டே வோல்ட். சிப் தடுமாறி ரீசெட் ஆகிவிடும், அல்லது அணைந்துவிடும். விளக்கு அணைந்ததும் சுமை நீங்கி மின்னழுத்தம் மீண்டும் மூன்றுக்கு ஏறிவிடும். கரைக்கு வந்து பார்த்தால் குறி நிறைந்து நிற்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும் என்றுகூட நினைக்கிறேன். சுமை இல்லாத நிலையில் பேட்டரியைச் சோதிப்பது சோதனையே ஆகாது. கடிகாரக் கடையில் செல்லை மல்டிமீட்டரில் தொட்டு "மூணு வோல்ட் இருக்கு சார், நல்ல செல்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அவர்கள் சொல்லும் எண் சரிதான். ஆனால் மல்டிமீட்டர் செல்லிடமிருந்து ஏறக்குறைய எதையுமே இழுப்பதில்லை. ரெகுலேட்டரை மூடியபடியே அடுப்பின் திறனைச் சொல்ல முடியாது.

சுமையோடு சோதிக்க இரண்டு வழிகள். செல்லைக் கழற்றி வைத்திருந்தால், 220 ஓம் மின்தடை ஒன்றை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே இரண்டு மூன்று விநாடி மட்டும் வைத்து, அப்போது மீட்டரைப் பாருங்கள். 2.8 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் நல்ல செல். 2.4க்கு இறங்கினால், சும்மா இருக்கும்போது அது என்ன காட்டினாலும் சரி, கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். செல்லைக் கழற்ற விருப்பமில்லை என்றால் கருவியையே சுமையாக்கலாம். பின்விளக்கைப் போட்டு, அது எரியும்போதே ஒலி எழுப்பும் அமைப்பு ஏதாவது இருந்தால் அதையும் இயக்கி, பேட்டரிக் குறியைக் கவனியுங்கள். விளக்கு எரியும்போது திரையின் எழுத்து மங்கினாலோ, குறி ஒரு படி இறங்கிவிட்டு விளக்கு அணைந்ததும் ஏறினாலோ, முடிவு தெரிந்துவிட்டது. கருவியை இயக்கும்போது முதலில் எல்லாப் பகுதிகளையும் திரையில் காட்டி, விளக்கையும் ஒலியையும் தட்டிப் பார்க்கிறதே, அந்தத் தற்சோதனையில் இதுவும் அடங்கும். பொறுமையில்லாமல் பொத்தானை அழுத்தி அதைத் தாண்டிப் போகக் கூடாது.

உதகமண்டலத்து அடுப்பு

மார்கழியில் உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ சமைப்பவர்களுக்குச் சிலிண்டர் மந்தமாவது பழகிய தொல்லை. நம் சமையல் வாயுவில் பியூட்டேன் கணிசமாக உண்டு. அது கொதிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய சுழியம் டிகிரி என்பதால், குளிரக் குளிர ஆவி எழத் தயங்குகிறது. பேட்டரிக்கும் குளிர் இதையே செய்கிறது. உள்ளே வேதிவினை மெதுவாகி, உள்தடை ஏறுகிறது. ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா பிளவின் தண்ணீர் ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரிக்குள் இருக்கும். அங்கே இறங்குகிறவர்களின் கம்ப்யூட்டர்களில் பேட்டரிக் குறி கரையில் ஒன்றாகவும் தண்ணீரில் வேறாகவும் நிற்பது சாதாரணம். பல கையேடுகள் கருவி 0 முதல் 40 டிகிரி வரை இயங்கும் என்கின்றன. அது புதிய பேட்டரியோடு என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அந்தமானிலும் புதுச்சேரியிலும் திருகோணமலையிலும் தண்ணீர் 27, 28 டிகிரி. அங்கே குளிர்மீது பழிபோட முடியாது. வெதுவெதுப்பான கடலில் கம்ப்யூட்டர் அணைந்தால், செல் உண்மையிலேயே தீர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது அடுத்துச் சொல்லப்போகும் கசிவு இருக்கிறது. வெப்பக் கடல்களில் டைவ் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சந்தேகிக்கச் சொல்வது அந்தக் கசிவைத்தான்.

மூடாத குமிழ்

புது செல் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தீர்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் நிறைய. செல்லைக் குறைசொல்லி இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் தீரும். அடுப்பின் குமிழ் முழுதாக மூடாமல், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சுடர் இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்தால் சிலிண்டரைக் குறைசொல்லிப் பயன் என்ன?

பல டைவ் கம்ப்யூட்டர்களின் உடலில், பொத்தானுக்கு அருகிலோ பின்புறத்திலோ இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். டைவர் கடலில் இறங்கியதும் தண்ணீர் இரண்டு புள்ளிகளையும் இணைக்க, கருவி தானாக விழித்துக்கொள்கிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. டைவ் முடிந்து சரியாகக் கழுவாமல் பையில் போட்டால், உலர்ந்த உப்பு அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். கடற்கரை ஊர்களின் காற்றில் உள்ள ஈரத்தை உப்பு இழுத்து வைத்துக்கொள்ளும். கருவி தான் இன்னும் தண்ணீரில் இருப்பதாகவே நினைத்து, தூங்கப் போகாமல் விழித்தே கிடக்கும். வியர்வையும் சன்ஸ்கிரீன் பூச்சும்கூட இதைச் செய்யும். ஈர வெட்சூட்டோடு ஒரே பையில் கிடந்தால் இன்னும் மோசம்.

சூன்டோவின் சில மாடல்களில் இது நடக்கும்போது திரையில் 'ஏசி' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் நிற்கும். நீர்த்தொடு புள்ளி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். கரையில், உலர்ந்த மேசையில் கிடக்கும்போது அந்த எழுத்துகள் தெரிந்தால் செல் வீணாகிக்கொண்டிருக்கிறது. மருந்து எளிது. ஒவ்வொரு டைவ் நாளின் முடிவிலும் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பொத்தான்களைத் தண்ணீருக்குள்ளேயே பலமுறை அழுத்திவிட்டு, மென்மையான பல்துலக்கியால் புள்ளிகளைத் தேய்த்து, துண்டால் ஒற்றியெடுத்து, நிழலில் உலரவைக்க வேண்டும். வாளியில் போட்டு மறந்துவிடக் கூடாது. நல்ல தண்ணீரும் அந்தப் புள்ளிகளை இணைக்கும்.

முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரின் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதற்குள் தனியாக ஒரு பேட்டரி இருக்கிறது, பலவற்றில் சிஆர்2. டைவ் முடிந்த பிறகும் ஹோசில் அழுத்தத்தை விட்டுவைத்தால் டிரான்ஸ்மிட்டர் விழித்தே இருக்கும். வால்வை மூடி, ரெகுலேட்டரின் பொத்தானை அழுத்தி அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். அழுத்த எண் மட்டும் விட்டுவிட்டு வந்தால் கம்ப்யூட்டரின் செல்லை மாற்றிப் பயனில்லை, இந்தச் சின்ன செல்லைத்தான் மாற்ற வேண்டும்.

எந்த செல்

விலை குறைந்த, பெயர் தெரியாத செல்களை டைவ் கம்ப்யூட்டரில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சுவர்க் கடிகாரத்தில் அவை ஓடும், ஏனென்றால் அது சிம்மிலேயே வாழ்கிறது. உள்தடை கூடிய செல் எதுவும் பெரிய பர்னருக்கு ஈடுகொடுக்காது. நல்ல லித்தியம் பட்டன் செல் அறை வெப்பத்தில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் தானாகத் தேயும். உறையில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, வெயிலில் தொங்கவிடாத கடையில் வாங்கினால் போதும்.

எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். 'சிஆர்' என்று கேட்கும் கருவியில் 'எல்ஐஆர்' என்று தொடங்கும் செல்லைப் போடாதீர்கள். அளவு ஒன்றாகவே இருந்தாலும் அது திரும்ப ஏற்றக்கூடிய லித்தியம் அயான் வகை. முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட் வரை போகும், மூன்று வோல்ட்டுக்கு வடிவமைத்த சுற்றைப் பாழாக்கிவிடலாம். கொள்ளளவும் குறைவு.

ஷியர்வாட்டரின் பெர்டிக்ஸ் போன்ற கருவிகள் பென்சில் செல்லில், அதாவது ஏஏ அளவில் இயங்குகின்றன. 1.5 வோல்ட் ஆல்கலைன், 1.5 வோல்ட் லித்தியம், 3.6 வோல்ட் லித்தியம், ஏற்றிப் பயன்படுத்தும் 3.7 வோல்ட் செல் எல்லாம் பொருந்தும். எந்த வகை போட்டிருக்கிறீர்கள் என்று அமைப்பில் சரியாகச் சொல்லாவிட்டால் குறி தவறாகத்தான் காட்டும். இதில் 3.6 வோல்ட் வகையின் மின்னழுத்தம் கடைசிவரை அவ்வளவு தட்டையாக இருக்கும் என்பதால் முன்னறிவிப்பை எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. ஆல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூவைக் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தலாம். டைவ் சீசன் முடிந்ததும் செல்லை வெளியே எடுத்துவிட்டால் இந்த வேலையே வராது.

வாஷர்

செல்லை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. கருவிகள் பாழாவதும் அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

சிலிண்டர் வந்ததும் மூடியைக் கழற்றி, வால்வுக்குள் இருக்கும் கறுப்பு வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீரை வைத்துக் குமிழி வருகிறதா என்று கவனிக்காமல் ரெகுலேட்டரை மாட்டக் கூடாது. பேட்டரி மூடியிலும் அதே மாதிரியான ரப்பர் வளையம், ஓ-ரிங், இருக்கிறது. வெளியே கடல், உள்ளே மின்சுற்று, நடுவில் நிற்பது அது மட்டும்தான். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், பஞ்சின் ஒரு இழை அதன்மேல் கிடந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

பலரும் நினைப்பது, ஆழத்தில்தான் ஓ-ரிங் தோற்கும் என்று. நடப்பது பெரும்பாலும் வேறுமாதிரி. ஆழத்தில் கடலின் அழுத்தமே வளையத்தைப் பள்ளத்தின் சுவரோடு இறுக்கி அழுத்தி அடைக்கிறது. மேலே, முதல் இரண்டு மூன்று மீட்டரில் அந்த உதவி இல்லை. பழைய, தட்டையாகிப்போன வளையம் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். படகுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பரப்பில் மிதந்துகொண்டிருக்கும்போதே திரைக் கண்ணாடிக்குள் பனிபடர்வதைப் பார்த்தவர்கள் உண்டு.

ஆகவே செல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த மாடலுக்கான புதிய ஓ-ரிங்கும் மாற வேண்டும். பேட்டரிப் பெட்டியோடு சேர்த்தே விற்கிறார்கள். பழையதை ஊசியால் குத்தி எடுக்காதீர்கள், பள்ளத்தில் கீறல் விழும். பிளாஸ்டிக் குச்சியால் நெம்புங்கள். பள்ளத்தை இழை விடாத துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கையேடு கிரீஸ் கேட்டால் சிலிகான் கிரீஸ், வளையம் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும். அடைப்பது ரப்பரின் வேலை. கிரீஸ் அது வழுக்கி உட்கார உதவுகிறது, அவ்வளவுதான். அள்ளிப் பூசினால் மணலைத்தான் பிடித்து வைக்கும். வளையமே சிலிகானால் ஆனது என்றால் சிலிகான் கிரீஸ் அதை உப்பச்செய்யும், எனவே கையேட்டைப் பார்க்காமல் பூச வேண்டாம். வாசலினும் தேங்காய் எண்ணெயும் எந்த வளையத்துக்கும் வேண்டாம்.

செல்லின் இரு முகங்களையும் விரலால் பிடிக்காமல் விளிம்பைப் பிடியுங்கள். உலோக இடுக்கியால் பிடித்தால் இரு முனைகளும் இணைந்து, புது செல்லின் மின்சாரம் வீணாகும். மூடியைப் பொருத்தும்போது குறிகள் நேராக வரும்வரை மட்டும் திருகுங்கள். பலம் கூட்டினால் திருகுபுரி நசுங்கும். எல்லாம் முடிந்ததும் நேராகக் கடலுக்குப் போகாமல், கண்ணாடிப் பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி அதில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். உள்ளே போனாலும் நல்ல தண்ணீர் கடல்நீரளவுக்குக் கெடுதல் செய்யாது. அழுத்தப் பாத்திரம் வைத்துச் சோதித்துத் தரும் சேவை மையம் பக்கத்தில் இருந்தால் அதுவே மேல்.

கடல்நீர் புகுந்தே விட்டதா? மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீரில் கிடக்கும் செல் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும், அது உள்ளே அடைபட்டிருந்தால் மூடி தெறிக்கலாம். முதல் வேலை செல்லை வெளியே எடுப்பது. மின்சாரம் இருக்கும்வரை உலோகம் அரித்துக்கொண்டே இருக்கும். பிறகு அந்த அறையை நல்ல தண்ணீராலும் ஆல்கஹாலாலும் கழுவி உலர்த்துங்கள். சில மாடல்களில் பேட்டரி அறை மின்சுற்றிலிருந்து தனியாக அடைக்கப்பட்டிருக்கும், அவை பிழைத்துக்கொள்ளும். ஒரே அறையாக இருப்பவை சேவை மையத்துக்குப் போக வேண்டியவை.

ஏற்றிப் பயன்படுத்தும் கருவிகளில் இந்த மூடி விவகாரம் இல்லை. ஆனால் ஏற்றும் ஊசிகள் வெளியே தெரியும் மாடல்களில், கடல்நீர் ஈரத்தோடு ஏற்றினால் அவை மின்னாற்பகுப்பில் அரிக்கும். கழுவி, முழுதாக உலர்ந்த பிறகே கம்பியை மாட்டுங்கள். படகின் மேல்தளத்து வெயிலில் விடாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்துவைப்பதானால் பாதி ஏற்றி வையுங்கள்.

தண்ணீருக்குள் அணைந்தால்

பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது நடக்கலாம், அதனால் செய்ய வேண்டியதை முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். திரை அணைந்ததும் டைவ் முடிந்தது. கூட வந்தவரிடம் சைகை காட்டி, நிமிடத்துக்கு ஒன்பது, பத்து மீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் மேலே வந்து, ஐந்து மீட்டரில் குறைந்தது மூன்று நிமிடம் நின்று வெளியேறுங்கள். கட்டாய நிறுத்தங்கள் உள்ள டைவ் என்றால், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் இரண்டாவது கருவியும், எழுதிய அட்டவணையும் இல்லாமல் இறங்கியிருக்கவே கூடாது.

மேலே வந்து புது செல் போட்டதும் திரை பளிச்சென்று வரும். ஏமாந்துவிடாதீர்கள். சில மாடல்கள் செல் நீங்கியதும் திசுக் கணக்கை மறந்துவிடும், உங்கள் உடலில் நைட்ரஜனே இல்லை என்று சுழியத்திலிருந்து தொடங்கும். சில மாடல்கள் நினைவில் வைத்திருக்கும். உங்களுடையது எது என்று கையேட்டில் இப்போதே படித்துவைத்துக்கொள்ளுங்கள். மறக்கும் வகை என்றால் 24 மணி நேரம் டைவ் இல்லை. நண்பரின் கம்ப்யூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு மதிய டைவுக்குப் போவதும் இதே தவறுதான், அதற்குத் தெரிந்தது நண்பரின் உடல் மட்டும். இதனால்தான் டைவ் பயணத்தின் நடுவில் செல் மாற்றுவதைத் தவிர்க்கச் சொல்கிறேன். ஊருக்குக் கிளம்புமுன் மாற்றிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. பல டைவ்கள் செய்த பிறகு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் பரிந்துரையையும், கணக்கை மறந்துபோன கருவி நினைவுபடுத்தாது.

உதிரி லித்தியம் செல்களை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. கழற்றிய பழைய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து மின்கழிவில் சேருங்கள். டைவ் கம்ப்யூட்டருக்குப் போதாத செல்லிலும், குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் எரித்துவிடும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஒரு நல்ல சிஆர்2450 செல்லும் ஓ-ரிங்கும் சேர்ந்து ஆகும் செலவு, ஒரே ஒரு டைவுக்கு நீங்கள் படகில் கொடுக்கும் கட்டணத்தைவிடக் குறைவு. குறி இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது பெரிய பயணத்துக்குச் சில நாள் முன்பு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியைக் கருவியின் பெட்டியில் எழுதி வையுங்கள்.